பொறிக்குள் வராத எலிகள்

மேல் நீலகிரியில் ஒரு சோலை. மாலையில் 100 அலுமினியப் பெட்டிகளை 10 மீட்டருக்கு ஒன்றாக வரிசை கட்டி வைத்துவிட்டு, மறுநாள் விடியலில் போய்ப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 18 பெட்டிகளின் கதவு மூடியிருக்கிறது. 17இல் எலி, ஒன்றில் மூஞ்சூறு. அப்படியானால் அந்தச் சோலையில் எலிகள் எத்தனை? 17 என்று யாரும் சொல்லப்போவதில்லை. 30 என்று ஒருவர் சொல்லலாம், 150 என்று இன்னொருவர் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், இருவரும் அதே பெட்டிகளைக் காட்டித்தான் சொல்வார்கள். கூட்டல் கழித்தலில் இருவருமே தவறு செய்திருக்க மாட்டார்கள்.

கல்யாண வீட்டில் மொய் நோட்டை எண்ணினால் ஒரு கணக்கு வரும், பந்தியில் எடுத்த இலையை எண்ணினால் வேறொரு கணக்கு வரும். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனவர் உண்டு, மொய் எழுதாமல் இரண்டு பந்தி பார்த்தவரும் உண்டு. காட்டில் வாழும் சிறு பாலூட்டிகளின் கணக்கும் இப்படித்தான். எண்ணிக்கை என்று நம் கைக்கு வருவதில் விலங்கின் பங்கு பாதி, எண்ணிய முறையின் பங்கு பாதி. இரண்டையும் பிரிக்கத் தெரியாதவரை அந்த எண்ணை வைத்துக்கொண்டு பெருகியது என்றோ குறைந்தது என்றோ சொல்வதற்கில்லை.

பெரிய விலங்குக்கும் இந்தச் சிக்கல் உண்டு. புலியின் காலடித் தடத்தை வைத்து ஆண்டாண்டாய் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2004–05 வாக்கில், ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது வெளியே வந்தது. ஆனால் புலிக்கு உடம்பில் வரி இருக்கிறது. கேமராவில் விழுந்தால் இந்தப் புலி வேறு, அந்தப் புலி வேறு என்று சொல்லிவிடலாம். எலிக்கு என்ன இருக்கிறது? இரவில் நடமாடுகிறது, கையளவுகூட இல்லை, ஒன்றைப் போலவே இன்னொன்று. ஆகையால் அதைப் பிடித்தாக வேண்டும். பிடிப்பது என்று வந்துவிட்டால் பொறி வருகிறது, இரை வருகிறது, எலியின் மனப்போக்கும் வருகிறது.

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஷெர்மன் பொறி. ஃபுளோரிடாவில் இருந்த விலங்கியலாளர் ஷெர்மன் வடிவமைத்தது. தட்டையாக மடக்கிப் பையில் அடுக்கிக்கொள்ளலாம் என்பதால் மலையேறுகிறவர்களுக்கு வசதி. ஒரு முனையில் கதவு, உள்ளே மிதிபலகை. எலி பலகையில் கால் வைத்ததும் கதவு பட்டென்று மூடிக்கொள்ளும். மேல்நாட்டில் நிலக்கடலை வெண்ணெயை ஓட்ஸில் பிசைந்து வைப்பார்கள். இங்கே தேங்காய்ச் சில்லும் வறுத்த நிலக்கடலையும் போதும். உறைபனி விழும் மாதங்களில் ஒரு பிடி பஞ்சும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் விறைத்த எலியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

காலை வேலை கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும். பெட்டியின் வாயைத் துணிப்பைக்குள் நுழைத்து, பையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கதவை விரலால் உள்ளே தள்ளித் திறந்து, ஒரு உலுக்கு. எலி பைக்குள் விழும். அப்படியே பையோடு வில்தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, பையின் எடையைக் கழித்துக்கொள்வார்கள். பிறகு எலியைப் பையின் மூலைக்கு ஒதுக்கி, பிடரித் தோலைத் துணிக்கு மேலாகவே பற்றி, பையை மெல்ல உரித்தால் தலை வெளியே வரும். ஆணா பெண்ணா, குட்டியா வளர்ந்ததா, பால் கொடுக்கிறதா என்று பார்த்துக் காதில் எண் பொறித்த சிறு உலோக வில்லை ஒன்றை மாட்டி, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். விட்டதும் சில எலிகள் இலைச் சருகுக்குள் பாயும். சில, இரண்டடி தள்ளி நின்று மீசையைத் துடைத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது ரகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் இட்டு விடுவது ஏன்? யோசனை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. டென்மார்க்கின் மீனியலாளர் பீட்டர்சன் 1890களில் தட்டைமீன்களுக்கு அடையாளம் இட்டுக் கடலில் விட்டார். 1930இல் அமெரிக்கப் பறவையியலாளர் பிரெடரிக் லிங்கன், வேட்டைக்காரர்கள் திருப்பி அனுப்பிய கால்வளையங்களைக் கொண்டு வாத்துகளின் தொகையை மதிப்பிட்டார். இருவர் பெயராலும் வழங்கும் அந்தச் சூத்திரத்துக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். முதல் இரவு 40 எலிகளைப் பிடித்து அடையாளம் இட்டு விடுகிறோம். இன்னொரு இரவு 30 எலிகள் சிக்குகின்றன. அவற்றில் 12 ஏற்கெனவே அடையாளம் உள்ளவை. சிக்கியவற்றில் அடையாளம் உள்ளவை ஐந்தில் இரண்டு பங்கு என்றால், காட்டிலும் ஐந்தில் இரண்டு பங்குதான் இருக்க வேண்டும். நாம் அடையாளம் இட்டவை 40. ஆகவே மொத்தம் 100.

அழகான கணக்கு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அடையாளம் உள்ள எலியும் இல்லாத எலியும் பொறிக்குள் வர ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். எலிகள் இந்த நிபந்தனையில் கையெழுத்துப் போடவில்லை.

விட்டதும் மீசை துடைத்துக்கொண்டு நின்ற எலியை எடுத்துக்கொள்வோம். அதன் கணக்கில் நேற்றைய இரவு மோசமில்லை. நிலக்கடலை கிடைத்தது, பஞ்சு மெத்தை கிடைத்தது, ஆந்தையும் மரநாயும் எட்டாத அலுமினியச் சுவர் கிடைத்தது. காலையில் கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவுதான். அது இன்றிரவும் வரும். இந்த மாதிரி எலிகள் மிகுந்தால் இரண்டாம் முறை சிக்கும் 30இல் 12க்குப் பதிலாக 18 அடையாளத்தோடு இருக்கும். சூத்திரம் 67 என்று சொல்லும். மாறாக, ஒருமுறை சிக்கியதே போதும் என்று ஒதுங்கும் எலிகள் மிகுந்தால் 6தான் அடையாளத்தோடு வரும். சூத்திரம் 200 என்று சொல்லும். காட்டில் எலிகள் அப்போதும் 100தான். 67க்கும் 200க்கும் நடுவே ஓடுவது எலியின் தொகை அல்ல, எலியின் குணம்.

இதுகூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துச் சரிக்கட்டலாம். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு: பிறவியிலேயே சில எலிகள் துணிச்சலானவை, சில கூச்சமானவை. வளர்ந்த ஆண் நெடுந்தூரம் சுற்றும், பத்துப் பொறிகளைக் கடக்கும். குட்டி ஈன்ற பெண் வளையைச் சுற்றியே இருக்கும், ஒரு பொறியைக்கூடப் பார்க்காது. சுற்றும் எலி முதல் முறையும் சிக்கும், அடுத்த முறையும் சிக்கும். கூச்ச எலி இரண்டு முறையும் சிக்காது. விளைவு, விடை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். எத்தனை குறைவு என்பதைச் சிக்கிய எலிகளை மட்டும் பார்த்து அறிய முடியாது. ஏனென்றால் சொல்ல வேண்டிய சாட்சி பொறிக்குள் வரவே இல்லை.

1978இல் ஓடிஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கோளாறுகளை வகைபிரித்து எட்டு கணக்கு மாதிரிகளை வெளியிட்டார்கள். எல்லா எலிக்கும் எல்லா இரவும் ஒரே வாய்ப்பு என்பது ஒரு மாதிரி. இரவுக்கு இரவு வாய்ப்பு மாறும் என்பது ஒன்று. மழை, நிலவு எல்லாம் அதில் அடங்கும். முழுநிலவில் பல எலிகள் வெளியே தலைகாட்டாது. ஒருமுறை சிக்கியதும் நடத்தை மாறும் என்பது ஒன்று, எலிக்கு எலி வாய்ப்பு வேறு என்பது இன்னொன்று. மீதி நான்கும் இவற்றின் சேர்க்கைகள். இவற்றை ஓட்டிப் பார்க்கக் ‘கேப்ச்சர்’ என்ற கணினி நிரலும் வந்தது.

1990களில் கார்த்திக் ஷங்கர் மேல் நீலகிரியின் சோலைகளிலும் புல்வெளிகளிலும் பொறி வைத்தார். இன்று அவரைக் கடலாமை ஆய்வாளராகவே பலருக்குத் தெரியும், தொடக்கம் எலிகளோடுதான். சோலைகளில் மிகுதியாக அகப்பட்டவை கருப்பெலியும் மலை மூஞ்சூறும். அந்தத் தரவுகளைக் கொண்டு, பிடித்து மறுபடி பிடிக்கும் மாதிரிகளில் எது இங்கே பொருந்தும், எது பொருந்தாது என்பதையே தனிக் கட்டுரையாக எழுதி 2000இல் வெளியிட்டார். எனக்கு இந்தக் கட்டுரை பிடிப்பதற்குக் காரணம் அதன் அடக்கம். எலி இவ்வளவு என்று அறிவித்துவிட்டு நகராமல், இவ்வளவு என்று சொல்லும் தகுதி நம் முறைக்கு உண்டா என்று கேட்கிறது. நம் ஊரில் இந்தக் கேள்வி அபூர்வம். இன்னொரு சுவையான விஷயம்: அன்று கருப்பெலி என்று குறித்த மலைக்காட்டு எலிகளை, மரபணுச் சோதனைக்குப் பிறகு, சஹ்யாத்ரி காட்டெலி என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். கையில் பிடித்த எலியே எந்த எலி என்பது முடிவாக இத்தனை காலம் ஆகிறது, கைக்கு வராததைப் பற்றி என்ன சொல்ல.

சரி, தொகை 30 என்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 என்பது எவ்வளவு இடத்துக்கு? இங்கேதான் பாதி ஆய்வுகள் தடுக்கி விழுந்திருக்கின்றன. 10 மீட்டருக்கு ஒன்றாக, பத்துக்குப் பத்து என்று வைத்த பொறிச்சதுரத்தின் பக்கம் 90 மீட்டர். பரப்பு 0.81 ஹெக்டேர். 30ஐ அதனால் வகுத்தால் ஹெக்டேருக்கு 37 எலிகள். ஆனால் சதுரத்துக்கு வெளியே 20 மீட்டர் தள்ளி வளை வைத்திருக்கும் எலியும் தேங்காய் வாசனைக்கு உள்ளே வந்து சிக்கத்தான் செய்யும். அப்படியானால் பொறிகள் உண்மையில் அள்ளியது 130 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை, பரப்பு 1.69 ஹெக்டேர். இப்போது ஹெக்டேருக்கு 18 எலிகள்தான். பொறியைத் தொடவில்லை, எலியைத் தொடவில்லை, வேலியை மனதுக்குள் இருபது மீட்டர் நகர்த்தியதற்கே எலிக்கூட்டம் பாதியாகிவிட்டது.

அந்த விளிம்பு 20 மீட்டரா, 10 மீட்டரா, 35 மீட்டரா? எலி ஒரு பொறிக்கும் மற்றொரு பொறிக்கும் நடுவே ஓடிய தூரத்தை வைத்து ஊகிப்பது பழைய வழக்கம். சதுரம் சிறியதாக இருந்தால் அந்தத் தூரமும் சிறியதாகத்தானே பதிவாகும். நியூசிலாந்தின் மரே எஃபர்டு 2004இல் இந்த முடிச்சை வேறு வழியில் அவிழ்த்தார். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வாழிட மையம் உண்டு. அந்த மையத்திலிருந்து தூரம் கூடக்கூடப் பொறியில் சிக்கும் வாய்ப்பு குறையும். எந்த எலி எந்தப் பொறியில் சிக்கியது என்ற இடக்குறிப்பைக் கொண்டே அந்தக் குறையும் வேகத்தைக் கணக்கிட்டால், எல்லைக்கோடு எதுவும் வரையாமல் நேரடியாக அடர்த்திக்கு வந்துவிடலாம். இன்று எலியிலிருந்து புலி வரை இந்த வழிதான் ஓங்கி நிற்கிறது. பொறி எண்ணைக் குறிக்காமல் ‘மொத்தம் 30’ என்று மட்டும் எழுதி வைத்த பழைய நோட்டுகள் இதற்கு உதவாது.

இதுவரை பேசியது பொறிக்கு வரக்கூடிய விலங்குகளைப் பற்றி. வரவே முடியாதவை இருக்கின்றன. ஷெர்மன் பொறியின் மிதிபலகை ஓரளவு கனத்துக்குத்தான் இறங்கும். எட்ருஸ்கன் மூஞ்சூறு என்ற குட்டி மூஞ்சூறு ஏறத்தாழ 2 கிராம்தான். அது பலகையின் மேல் நடந்து நிலக்கடலையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகலாம். இந்த மூஞ்சூறுக்கு நிலக்கடலையில் அக்கறையும் இல்லை, பூச்சிதான் வேண்டும். அதைப் பிடிக்கக் குழிப்பொறி வேண்டும்: வாளியைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, இருபுறமும் முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தடுப்பு கட்டினால், தடுப்பை ஒட்டியே ஓடிவரும் மூஞ்சூறு வாளிக்குள் விழும். மழை பெய்தால் மூழ்காதிருக்க அடியில் துளை போட வேண்டும். அடிக்கடி போய்ப் பார்க்கவும் வேண்டும். சில மணிநேரம் பட்டினி கிடந்தாலே செத்துவிடும் அளவுக்கு அதன் உடம்பு எரிகிறது. இத்தனை பாடு பட யாருக்குப் பொறுமை? அதனால் பல காடுகளின் விலங்குப் பட்டியலில் மூஞ்சூறு ஓரிரண்டு வரியோடு நிற்கிறது. காட்டில் குறைவு என்பதற்கு அது சான்றாகாது, வாளி புதைக்கவில்லை என்பதற்குத்தான் சான்று.

மரத்தின் மேலும் ஒரு உலகம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கே உரிய மலபார் முள் மரஎலிக்கு முதுகு ரோமத்தில் தட்டையான முட்கள், வால் நுனியில் தூரிகை. (தேரிக்காட்டு முள்ளெலி வேறு, இது வேறு.) மரப்பொந்தில் தங்கி, கிளை வழியே திரியும். தரையில் மட்டும் பொறி வைத்தால் இது அரிய விலங்காகிவிடும். ஆனால் மிளகுத் தோட்டக்காரர்களுக்கு இது அரியதாகத் தோன்றியதில்லை. மிளகைத் தின்று தீர்க்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்களிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். திவ்யா முதப்பா, அஜித் குமார், ரவி செல்லம் மூவரும் தென்கோடி மழைக்காடுகளில் இதன் எண்ணிக்கையையும் வாழிடத் தேர்வையும் ஆராய்ந்து 2001இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பொறியை எந்த உயரத்தில், எந்த மரத்தில் கட்டுகிறோம் என்பதே இத்தகைய விலங்குக்கு விடையின் பாதி.

பொறிகளுக்குள்ளும் போட்டி இருக்கிறது. ஒரு பெட்டியில் ஒரு எலிக்குத்தான் இடம். எலி மிகுந்த வருடத்தில் நள்ளிரவுக்குள் பெட்டிகள் நிறைந்துவிடும். பின்னிரவில் வரும் சுண்டெலிக்குக் கதவு மூடியிருக்கும். பெரிய எலி பெருகியதால் சுண்டெலி குறைந்ததாகத் தரவு காட்டும். உண்மையில் குறைந்தது சுண்டெலிக்குக் கிடைத்த காலிப் பெட்டி. நூறு பொறி–இரவுக்கு இத்தனை எலி என்று எழுதும் எளிய கணக்கு இந்த இடத்தில்தான் ஏமாற்றும்.

நியூசிலாந்தில் இதே கோளாறு வேறு உருவத்தில் உண்டு. அங்கே எலி அந்நிய விலங்கு, பறவைகளைத் தின்று தீர்க்கிறது. ஆகவே எலி பெருகுகிறதா என்று காட்டுத்துறை ஓயாமல் பார்க்க வேண்டும். பொறிக்குப் பதில் நீள்பெட்டிச் சுரங்கம் வைப்பார்கள். நடுவில் மை, இருபுறமும் அட்டை, வாசனைக்கு நிலக்கடலை வெண்ணெய். எலி கடந்தால் காலடி பதியும். எத்தனை சதவீதச் சுரங்கங்களில் காலடி என்பதே அளவு. மலிவு, எளிது. ஆனால் பீச் மரங்கள் ஒருசேரக் காய்த்துக் கொட்டும் ஆண்டில் எலி பெருகி எல்லாச் சுரங்கத்திலும் காலடி பதிந்துவிட்டால் அளவுகோல் 100இல் முட்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு எலி இரட்டித்தாலும் அட்டைக்குத் தெரியாது. ஒரே எலி பத்துச் சுரங்கத்தில் புகுந்து வந்தாலும் தெரியாது.

கேமரா வந்துவிட்டதே, இன்னும் ஏன் பொறி என்று கேட்பவர்கள் உண்டு. காட்டில் கட்டும் தானியங்கிக் கேமரா உடல் வெப்பமும் அசைவும் சேர்ந்து தூண்டினால்தான் விழிக்கும். புலிக்காக முழங்கால் உயரத்தில் கட்டிய கேமராவின் முன் சுண்டெலி ஓடினால் பெரும்பாலும் அது விழிக்காது. விழிப்பதற்குள் வாலும் மறைந்திருக்கும். கீழே தாழ்த்திக் கட்டி, இரை வைத்தால் படம் நிறையக் கிடைக்கும். நாற்பது படமும் ஒரே எலியா, நாற்பது எலியா? கேமராவுக்கு அது தெரியாது. ஒரு இனம் அங்கே இருக்கிறது என்பதை நிறுவ கேமரா அருமையான கருவி, எத்தனை என்று கேட்டால் விழிக்கும்.

இவ்வளவு குறையும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் கவலை இல்லை, ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆபத்து, குறை இடத்துக்கு இடம் மாறுவதில் இருக்கிறது. சோலைக்குள் பழமும் விதையும் கொட்டிக் கிடக்கும்போது பொறித் தேங்காய்க்கு யார் வருவார்? பக்கத்துச் சீகைத் தோப்பில் தின்ன ஒன்றுமில்லை. பசித்த எலி ஓடி வரும். இரண்டிலும் நூறு நூறு எலிகள் என்று கொள்வோம். சோலையில் பத்தில் மூன்று சிக்கினால் 30, சீகையில் பத்தில் ஆறு சிக்கினால் 60. அறிக்கை எப்படி வரும்? ‘சோலையைவிடச் சீகைத் தோப்பில் இருமடங்கு சிறு பாலூட்டிகள்.’ சீகை போன்ற அந்நிய மரங்களை அகற்றுவதா வேண்டாமா என்று வாதம் நடக்கும் மலையில் இப்படி ஒரு வரி என்ன பாடு படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. சிக்கும் வாய்ப்பைத் தனியாக மதிப்பிடாத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை. அது சோலைக்குச் சாதகமாக வந்தாலும்தான்.

‘இல்லை’ என்று சொல்வதற்குத்தான் ஆகக் கூடுதல் துணிச்சல் வேண்டும். ஒரு இரவில் ஒரு விலங்கு கண்ணில் படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றால், ஐந்து இரவு தேடியும் படாமல் போகும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம். அதாவது அந்த விலங்கு உள்ள காடுகளில் மூன்றில் ஒன்றை ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வருவோம். பத்து இரவு தேடினால்கூட 11 சதவீதம் தவறும். 2002இல் மக்கென்சி என்பவரும் உடன் ஆய்வாளர்களும், ஒரே இடத்துக்குப் பலமுறை போய், பட்டது படாதது இரண்டையும் வரிசையாகக் குறித்தால் தவறும் வாய்ப்பையே கணக்கிட்டுவிடலாம் என்று காட்டினார்கள். இலங்கையின் ஹார்ட்டன் சமவெளித் தேவாங்கு இதற்குத் தக்க சாட்சி. மஞ்சு மூடிய மலைக்காட்டில் வாழும் அதை 1939க்குப் பிறகு 2002 வரை யாரும் பார்க்கவில்லை, அழிந்ததென்றே நினைத்தார்கள். இரவு இரவாகப் பல காடுகளில் தேடிய பிறகு 2010இல் அதன் ஒளிப்படங்கள் வெளியாயின. அறுபது வருடம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

நம் பக்கத்துத் தேவாங்குக்கு இவ்வளவு மோசமில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் இதுதான் முதல். அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே, 1997–98இல், ஆய்வாளர் அன்னா நெகாரிஸ் அய்யலூர் பக்கம் மாதக்கணக்கில் இரவில் தேவாங்குகளின் பின்னாலேயே அலைந்து, தனித்துத் திரியும் விலங்கு என்ற நினைப்பை மாற்றினார்: பகலில் பல தேவாங்குகள் ஒன்றாகச் சுருண்டு உறங்கும், இருட்டியதும் பிரிந்து போகும். எண்ணுகிறவருக்கு இது முக்கியம். பொழுது சாய்ந்ததும் நடந்தால் கூட்டமாகப் படும், நடுநிசியில் நடந்தால் ஒற்றை ஒற்றையாகப் படும். ஒரே தடம், இரண்டு எண்.

தேவாங்கை யாரும் பொறி வைத்து எண்ணுவதில்லை. நெற்றி விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு மெல்ல நடப்பார்கள். விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் புதருக்குள் இரண்டு செம்மஞ்சள் பொட்டுகள் மின்னும். ஒற்றைப் பொட்டு மின்னினால் பாதி முகம் இலைக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள்; சிலந்திக் கண்ணும் மின்னும் என்பதால் நின்று பார்க்க வேண்டும். பொட்டு அசையாமல் சற்று நேரம் இருந்து, சட்டென்று அணைந்தால் அது தலையைத் திருப்பிக்கொண்டது. தலையைத் திருப்பிய தேவாங்கு, கணக்கைப் பொறுத்தவரை, இல்லாத தேவாங்கு. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கிளையின் அசைவை வைத்தே சொல்லிவிடுவார். நகரத்திலிருந்து வந்த மாணவர் அதே மரத்தடியில் நின்றுகொண்டு எங்கே, எங்கே என்பார். ‘கிலோமீட்டருக்கு இத்தனை தேவாங்கு’ என்ற எண்ணில் அந்தக் காவலரின் கண்ணும் கலந்திருக்கிறது. பழைய டார்ச்சை மாற்றி இன்றைய எல்.இ.டி. விளக்கைக் கொடுத்தாலே தேவாங்கு ‘பெருகும்’.

தடத்திலிருந்து ஒவ்வொரு தேவாங்கும் எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்று குறித்துக்கொண்டால் ஓரளவு மீளலாம். கிட்டத்தில் நிறையவும் தூரத்தில் குறைவாகவும் படும். அந்தச் சரிவைப் பார்த்து, தூரத்தில் தவறியவை எத்தனை என்று கணக்கிடலாம். 1993இல் பக்லண்டு குழுவினரின் நூல் வந்தபின் இந்தத் தூரக்கணக்கு முறை உலகெங்கும் பரவியது. ஆனால் தடத்தின் நேர் மேலே இருக்கும் விலங்கு ஒன்றுகூடத் தவறவில்லை என்பது அதன் அடிப்படை. முள்வேலிப் புதரில் அது எவ்வளவு தூரம் உண்மை? போதாததற்கு, இரவில் நடக்க எளிதென்று வண்டிப்பாதை ஓரமாகவே தடம் போட்டால், பாதையோரத் தேவாங்குகளைத்தான் எண்ணியிருப்போம், மலை உச்சியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

பணம் அதிகம் கேட்காத வழி ஒன்று உண்டு, கடவூருக்குப் பொருந்தும். ஒரே தடத்தில் ஒரு குழு நடந்து அரை மணி கழித்து, முதல் குழுவிடம் எதுவும் கேட்காமல், இன்னொரு குழு நடக்க வேண்டும். ஒவ்வொரு தேவாங்கும் எந்த இடத்தில், எந்த மரத்தில் என்று இரண்டு குழுவும் தனித்தனியே குறிக்க வேண்டும். தேவாங்கு அவ்வளவு வேகமாக இடம் மாறாது, அதனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் குழுவுக்கு 20, இரண்டாம் குழுவுக்கு 15, இருவருக்கும் பொதுவாகப் பட்டவை 10 என்றால், பீட்டர்சனின் மீன் சூத்திரமே மறுபடி வேலை செய்யும்: 20 பெருக்கல் 15, வகுத்தல் 10, மொத்தம் 30. இரு குழுவும் சேர்ந்து பார்த்தது 25. ஆக, ஐந்து தேவாங்குகள் யார் கண்ணிலும் படவில்லை என்று யாரையும் பிடிக்காமலே தெரிந்துகொள்கிறோம். இங்கேயும் பழைய நிபந்தனை வந்து நிற்கும். அடர்ந்த புதருக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் தேவாங்கை இரண்டு குழுவும் ஒரே காரணத்துக்காகத் தவறவிடும் என்பதால், 30 என்பதையும் குறைந்தபட்சம் என்றே எழுத வேண்டும். அதன் பக்கத்திலேயே நடந்த தடத்தின் நீளம், மாதம், விளக்கின் வகை, குழுவில் எத்தனை பேர் என்பதையும் எழுத வேண்டும். பத்து வருடம் கழித்து அதே தடத்தில் நடக்கப்போகிறவருக்குத் தேவைப்படுவது அந்தப் பக்கக் குறிப்புதான்.